ஓடும் வண்டியில் கழற்றிய வயர்

பங்கு கேட்டுத்தான் போனான் என்று யார் சொன்னது? சொன்னவர் அந்த வீட்டுக்குள் ஒரு நாளாவது கால் வைத்ததுண்டா? பட்டறையில் பாதியை எழுதிக் கேட்டானாம், மாமனார் மறுத்தாராம், மாப்பிள்ளை முறுக்கிக்கொண்டு கிளம்பிவிட்டானாம். இஸ்திரிக் கடைக்காரர் சட்டையைத் தேய்க்கும்போதே கதையையும் சேர்த்துத் தேய்த்து மடித்துக் கொடுக்கிறார். வாங்குகிறவர்கள் மடிப்புக் கலையாமல் அடுத்த தெருவுக்குக் கொண்டுபோய் அங்கே பிரிக்கிறார்கள். இன்னொரு கூட்டம் இருக்கிறது. அது, வேன் ஓட்டுகிற பெண்பிள்ளை வீட்டு வாசலில் அவன் நின்றான் என்கிறது. நின்றான்தான். இல்லையென்று யார் சொன்னார்கள்? எதற்காக நின்றான் என்று ஒருவராவது கேட்டீர்களா?

ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. அதற்காக நடந்தது நடக்காமல் போய்விடாது. அவன் பங்கு கேட்டும் போகவில்லை, பெண்ணைத் தேடியும் போகவில்லை. வெட்கம் தாங்காமல் போனான். வெட்கப்படுகிற ஆளை ஊர் பார்த்தே நெடுநாளாகிவிட்டது போலிருக்கிறது, அதனால்தான் எதிரில் வந்தும் அடையாளம் தெரியவில்லை.

அவனுக்கென்று ஒரு பேர் இருந்தது. கல்யாணத்தோடு அது போயிற்று. பட்டறை மாப்பிள்ளை என்றால்தான் தெரியும். தண்ணீர் லாரிக்காரன்கூட ‘மாப்ள’ என்றுதான் கூப்பிடுவான். பெண் கொடுத்த வீட்டிலேயே தங்கிவிட்டவனுக்கு ஊர் வைக்கிற பேர் அது. பாதி மரியாதை, பாதி குத்தல். அவன் இரண்டையும் சிரித்தபடி வாங்கிக்கொண்டான். வேறு என்ன செய்வான்? அவன் பக்கத்தில் அப்பன் இல்லை, ஆத்தாள் இல்லை, ஏனென்று கேட்க நாதியில்லை. பஸ் டெப்போவில் வயர் வேலை பார்த்துக்கொண்டிருந்தவனை, கை சுத்தம், வாய் சுத்தம் என்று பார்த்து மாமனார்தான் கூட்டிவந்து பெண்ணைக் கொடுத்தார்.

முன்னால் தகரக் கூரை போட்ட பட்டறை, பின்னால் மூன்று அறை வீடு. நடுவில் ஒரே ஒரு கதவு. அதன் கைப்பிடியில் பட்டறைப் பக்கம் கிரீஸ் ஒட்டியிருக்கும், வீட்டுப் பக்கம் மாவு ஒட்டியிருக்கும். இஞ்சின் மாமனாருடையது. சக்கரம், பெல்ட், போல்ட்டு எல்லாம் மைத்துனனுடையது. மாப்பிள்ளையின் மனைவிக்குத் தம்பி, வாயாடி, சிரிக்காமல் ஒரு நட்டைக்கூட முடுக்க மாட்டான். வயர் என்று ஒன்று வண்டியில் இருந்தால் அது மாப்பிள்ளையுடையது. அவன் தொட்டால் எரியாத விளக்கு எரியும் என்று பேர். கைராசி என்பார்கள். அந்த ஒரு சொல்தான் அந்த வீட்டில் அவன் சம்பாதித்த சொத்து. மற்றதெல்லாம் மாமனாருடையது, போட்டிருந்த செருப்பு உட்பட.

அந்தக் கைராசிக்கு அவன் ஒரு வித்தையும் வைத்திருந்தான். வண்டிக்குள் மின்சாரம் உண்டாக்குகிற ஆல்டர்னேட்டர் நன்றாயிருக்கிறதா, கெட்டுவிட்டதா என்று பார்க்க வேண்டும். பானெட்டைத் திறப்பான். இஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பேட்டரியின் மைனஸ் வயரைச் சட்டென்று கழற்றி உயரத் தூக்கிப் பிடிப்பான். இஞ்சின் நிற்காமல் ஓடினால் ஆல்டர்னேட்டர் நல்லது, பேட்டரிதான் சோடை. இஞ்சின் செத்தால் ஆல்டர்னேட்டர் செத்தது. அவன் கை மேலே போகிறதென்றால் எதிரே டீக்கடையில் கிளாஸை வைத்துவிட்டு ஆட்கள் வந்துவிடுவார்கள். ஒரு கணம் எல்லோரும் மூச்சைப் பிடிப்பார்கள். இஞ்சின் ஓடினால் கைதட்டு, நின்றால் ‘ஐயோ’. இரண்டுமே அவனுக்குத்தான்.

மேசை இழுப்பறையில் ஒரு மீட்டர் இருந்தது. நிற்கிற வண்டியில் பேட்டரியின் இரண்டு முனையிலும் வைத்தால் பன்னிரண்டரை வோல்ட் காட்ட வேண்டும், ஓடுகிற வண்டியில் பதினாலைத் தொட வேண்டும். தொடவில்லையென்றால் சார்ஜ் ஏறவில்லை. இவ்வளவுதான் சோதனை. ஆனால் மீட்டரைக் குனிந்து பார்க்கிறவன் ஒருத்தன்தான். வயரைத் தூக்கிப் பிடித்தால் பத்துப் பேர் பார்ப்பார்கள்.

உதிரிபாகக் கடைக்காரர் ஒருமுறை சொன்னார்.

“மாப்ள, இப்ப வர்ற வண்டியில அந்த வித்தையெல்லாம் வேணாம். பேட்டரிதான் அதுக்கு அணை. ஓடுற தண்ணியில அணைய ஒடச்சா வெள்ளம் எங்க போகும்? உள்ள இருக்கிற சின்னச் சின்ன சாமானையெல்லாம் அடிச்சிட்டுப் போயிரும்.”

“என் கைக்கு வெள்ளமும் அடங்கும்ணே,” என்றான் இவன். கூட நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் காதில் விழுந்தது மனதுக்குள் இறங்காமல் போயிற்று.

இனிமேல் சொல்லப்போவது அவனுக்குப் பெருமை சேர்க்காது. இருந்தாலும் சொல்லத்தான் வேண்டும். அரைகுறையாகச் சொல்லித்தான் ஊர் இந்த நிலைக்கு வந்தது.

பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிப் போகிற வேனக்கா, பிள்ளைகளை இறக்கிவிட்டு ஒரு காலையில் நேராகப் பட்டறைக்கு வந்தாள். ஒற்றை ஆளாய் நின்று இரண்டு பெண்களை வளர்க்கிறவள். குரலைக் கேட்டால் லாரிக்காரனே வழி விடுவான்.

“மாப்ள, இந்த செவப்பு லைட்டு என்னப் பாத்துக் கண்ணடிக்குதுப்பா.”

பேட்டரிப் படம் போட்ட விளக்கு, விட்டு விட்டு மினுக்கிக்கொண்டிருந்தது.

“உங்களப் பாத்துக் கண்ணடிக்க அதுக்கு எவ்ளோ தைரியம்க்கா!” என்றான் மைத்துனன், வண்டிக்கு அடியிலிருந்து.

“டேய், ஒனக்கு ஒரு பொண்ணு பாத்து வச்சிருந்தேன். இப்பவே போய் வேணாம்னு சொல்லிடறேன்.”

“ஐயோ அக்கா, லைட்ட அவுத்து ஒங்க கால்ல போடறேன், பொண்ண மட்டும் விட்ராதீங்க!”

டீக்கடை பாதி காலியாயிற்று. கூட்டம் சேர்ந்ததைப் பார்த்தான் மாப்பிள்ளை. இழுப்பறையைத் திறக்கவில்லை.

“மச்சான், ஏறி உக்காந்து ஆக்சிலேட்டர மிதி. நல்லா மிதி.”

மைத்துனன் மிதித்தான். இஞ்சின் உறுமியது. இவன் மைனஸ் வயரைக் கழற்றித் தலைக்கு மேலே தூக்கினான். ஒரு மூச்சு நேரம் இஞ்சின் ஓடியது. டாஷ்போர்டு விளக்குகளெல்லாம் ஒன்றாகப் பளீரென்று எரிந்தன. எங்கோ உள்ளே, ஈரக் குச்சி ஒடிந்தாற்போல ஒரு சின்னச் சத்தம். கருகல் வாடை. இஞ்சின் நின்றது.

“ஐயோ,” என்றது கூட்டம்.

“ஆல்டர்னேட்டர் போச்சுக்கா,” என்றான் மாப்பிள்ளை.

வேனக்கா நெற்றியில் கை வைத்தாள். ஆனாலும் அவள் சொன்னது இதுதான்: “நீ சொன்னா சரிதான் மாப்ள. மாத்திரு.”

மத்தியானத்துக்குள் புது ஆல்டர்னேட்டர் வந்துவிட்டது. இம்முறை இஞ்சினை நிறுத்திவிட்டுத்தான் மைனஸ் வயரைக் கழற்றினான். மைத்துனன் பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷனரைத் தளர்த்திப் பெல்ட்டை உருவினான். இவன் பின்பக்கத்துக் கனத்த வயரின் நட்டைக் கழற்றினான், பக்கத்துப் பிளக்கைப் பிடுங்கினான், இரண்டு போல்ட்டையும் எடுத்துப் பழையதை வெளியே தூக்கினான். புதியதையும் பழையதையும் பக்கத்தில் வைத்து, கப்பி ஒரே அளவா, போல்ட்டுத் துளை ஒன்றுபோல் இருக்கிறதா என்று பார்த்தான். மாட்டினார்கள். புது பெல்ட்டைச் சுற்றி முடுக்கியது மைத்துனன். ஸ்டார்ட் செய்ததும் இஞ்சின் பூனைபோல் ஓடியது.

சிவப்பு விளக்கு கண்ணடித்தது.

 மைத்துனன் கை கழுவப் போயிருந்தான். மாப்பிள்ளை குனிந்து, சற்று முன் தானே மாட்டிய பிளக்கை ஆட்டினான். விளக்கு அணைந்தது. விட்டான், மினுக்கியது. பிடுங்கி வெளிச்சத்தில் பார்த்தான். வண்டி வயர் பக்கத்துப் பிளக்கில் ஒரு முள் பச்சைப் பாசி பிடித்துக் கிடந்தது. தண்ணீர் இறங்கி இறங்கிப் பூத்த பச்சை. கத்தி முனையால் சுரண்டி மாட்டினான். விளக்கு அணைந்தது, மறுபடி எரியவில்லை. மீட்டரை எடுத்து வைத்தான். பதினாலைத் தாண்டி நின்றது.

முதலிலேயே அந்த மீட்டரை எடுத்திருந்தால், முதலிலேயே அந்தப் பிளக்கை ஆட்டியிருந்தால், ஒரு கத்தி முனையில் முடிந்திருக்கும்.

வேனக்கா கும்பிட்டுவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனாள். பட்டறை ஓய்ந்ததும் பழைய ஆல்டர்னேட்டரை மேசையில் வைத்துப் பிரித்தான். ஓடி ஓடித் தேய்கிற கார்பன் கட்டை புதுசு போல நீளமாக இருந்தது. பேரிங்கைச் சுற்றினால் வெண்ணெயாய்ச் சுற்றியது. உள்ளே, மின்சாரத்தை ஒரே திசையில் விடுகிற டையோடு மட்டும் வெந்து கறுத்திருந்தது. நோயில் செத்த பொருள் இல்லை அது. காலையில் உயிரோடு வந்தது. கூட்டத்துக்கு நடுவில், கைதட்டுக்காக, அவனே கொன்றிருந்தான்.

பிரித்ததை மூடி, பழைய இரும்புக் குவியலுக்கு அடியில் தள்ளினான். அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்த வீட்டில் அவனுக்கிருந்த ஒரே சொத்து போய்விடும் என்று பயந்தான். பயந்தது தப்பில்லை, மூடி வைத்ததுதான் தப்பு. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவன் கதை தெரிந்ததுதானே?

சில நாள் கழித்து, பிள்ளைகள் நிறைந்த வேன் நாற்சந்தி நடுவில் நின்றுவிட்டது. சும்மா நிற்கவில்லை, ஓடிக்கொண்டிருந்தபடியே உயிர் போய் நின்றது. பின்னால் வந்த மணல் லாரி பிரேக் அடித்து, வேனின் பின்கண்ணாடிக்கு ஒரு கை தூரத்தில் வந்து நின்றது. பிள்ளைகளுக்கு ஒரு கீறல் இல்லை. ஆனால் பின்சீட்டில் உட்கார்ந்திருந்த சிறுமிகள் கண்ணாடி முழுக்க லாரியின் முகத்தைப் பார்த்தார்கள். அன்று அவர்கள் அழுத அழுகையைப் பெற்றவர்கள் மறக்கவில்லை. மறுநாளிலிருந்து பிள்ளைகளை வேறு வண்டிக்கு மாற்றிவிட்டார்கள்.

வேன் நின்ற அன்றைக்கே அதைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள். கூடவே பெற்றவர்கள், டீக்கடை, போகிற வருகிறவர்கள். எள் போட்டால் விழாது. மாமனார் பானெட்டைத் திறந்தார். பெரிய கட்டைவிரலால் பெல்ட்டை அழுத்தினார். புது பெல்ட்டு, ஓடி ஓடிக் கொஞ்சம் இளகியிருந்தது. விரல் உள்ளே போயிற்று.

“யார்ரா பெல்ட்டு மாட்டுனது?”

“நாந்தாம்ப்பா,” என்றான் மைத்துனன்.

எல்லோர் முன்னிலும் மகனைக் கன்னத்தில் அறைந்தார். “பெல்ட்ட முடுக்கத் துப்பில்லாத நாயெல்லாம் பட்டறையில எதுக்குடா நிக்குது? இருவது புள்ளைங்க உசுருடா!”

மாப்பிள்ளை பக்கத்திலேயே நின்றான். பெல்ட்டு அந்த அளவு இளகியதற்கெல்லாம் வண்டி அப்படிப் பொட்டென்று நிற்காது என்று அவனுக்குத் தெரியும். இஞ்சினுக்கு மூளை மாதிரி ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது; தான் வயரைத் தூக்கிய அன்றைக்குப் பாய்ந்த வெள்ளம் அதையும் தொட்டிருக்கும், அது சூடேறும்போதெல்லாம் மயங்கி விழுகிறது என்று அந்த இடத்திலேயே புரிந்துவிட்டது. வாயைத் திறந்தான். மூடிக்கொண்டான். திருடனைத் தேள் கொட்டினாற்போல நின்றான். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது அதுதான்.

அறை வாங்கியவன் கன்னத்தைக்கூடத் தடவவில்லை. கூட்டத்தைப் பார்த்துக் கும்பிட்டான். “என் தப்புதாங்க,” என்றான். அவனும் அப்படித்தான் நம்பினான்.

மறுநாள் மாப்பிள்ளை அந்தப் பெட்டியைக் கழற்றித் திறந்து பார்த்தான். உள்ளே ஒரு மூலை தீய்ந்திருந்தது. வேறு பெட்டி தேடிப்பிடித்து, யாருக்கும் சொல்லாமல் மாட்டினான். வேன் சரியாகிவிட்டது. பெல்ட்டை முடுக்கியதால் சரியானது என்று ஊர் நினைத்தது. அவன் மறுக்கவில்லை. வேலையைச் சரியாகச் செய்து பொய்யை இன்னும் கெட்டியாக்கிவிட்டான்.

அதற்கப்புறம்தான் வதை ஆரம்பித்தது. மைத்துனன் சிரிப்பை நிறுத்திவிட்டான். ஒரு பெல்ட்டை மாட்டிவிட்டு மூன்று தரம் அழுத்திப் பார்ப்பான், பிறகு வந்து நிற்பான். “அத்தான், நீங்க ஒரு தடவ பாத்துருங்களேன்.” இவன் போய்ப் பார்ப்பான். பெல்ட்டு எப்போதும் சரியாகவே இருக்கும். ‘சரியா இருக்கு மச்சான்’ என்று சொல்லும்போதெல்லாம் அறை இவன் கன்னத்தில் விழும், சத்தமில்லாமல்.

வேனக்காவும் ஒருநாள் வந்தாள். வேன் சீட்டையெல்லாம் கழற்றிவிட்டுக் காய்கறி மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தாள். அதிலும் வேலை ஒழுங்காக அமையவில்லை.

“நீ ஏம்ப்பா மூஞ்சியத் தொங்கப் போட்டுருக்க? அந்தப் பய செஞ்சதுக்கு நீ என்ன பண்ணுவ? ஒன் கைராசி எனக்குத் தெரியாதா?”

அதற்கு அவள் செருப்பைக் கழற்றி அடித்திருக்கலாம். அவன் பின்கட்டுக்குப் போய்க் குழாயைத் திறந்து, கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினான். கிரீஸ் போன பிறகும் கழுவினான்.

அவன் மனைவி பார்த்துக்கொண்டிருந்தாள். தட்டில் சோறு அப்படியே இருப்பது, டீக்கடைப் பக்கம் அவன் போகாதது, வித்தை காட்டச் சொன்னால் ‘இடுப்பு வலி’ என்பது, எல்லாவற்றையும்.

“என்னங்க, ஒடம்புக்கா, மனசுக்கா?”

சொல்லிவிட்டான். பச்சை பூத்த முள்ளிலிருந்து தீய்ந்த பெட்டி வரைக்கும். அவள் பிசைந்துகொண்டிருந்த மாவிலிருந்து கையை எடுக்கவில்லை.

“என் தம்பி அறை வாங்குனப்ப நீங்க எங்க நின்னீங்க?”

“பக்கத்துலதான்.”

“பக்கத்துலன்னா?”

“கையெட்டுற தூரம்.”

 அழுதுவிடுவாள் என்று நினைத்தான். அழவில்லை.

“அவன் சின்னப் புள்ளையா இருக்கிறப்ப ஜன்னல ஒடச்சது நானு. அவன் போய் ‘நாந்தான்’னு சொல்லி அடி வாங்கினான். அன்னைக்கி அவனுக்குத் தெரிஞ்சு வாங்கினான். இன்னைக்கித் தெரியாமயே வாங்கியிருக்கான்.” மாவை ஓங்கி ஒரு அடி அடித்தாள். “நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். என் வாயால சொன்னா அது கோள். நீங்கதான் சொல்லணும். சொல்ற வரைக்கும் எங்கிட்டப் பேச வேணாம்.”

அவள் பிடிவாதக்காரி. பேசவில்லை. தட்டு வரும், தண்ணீர் வரும், சொல் வராது. அதைக் கல்நெஞ்சு என்கிறவர்கள் என்னவாவது சொல்லிக்கொள்ளட்டும். அந்த வீட்டில் அவனைக் கைவிடாமல் பிடித்திருந்தது அந்த மௌனம் ஒன்றுதான்.

கடைசியில் ஒரு பகலில், சாப்பாடு முடிந்து மாமனார் நாற்காலியில் சாய்ந்திருந்தபோது, அவன் போய் எதிரே நின்றான். உட்காரவில்லை. எல்லாவற்றையும் சொன்னான். அவர் கண்ணை மூடிக்கொண்டே கேட்டார். முடித்த பிறகும் திறக்கவில்லை.

“யாருக்கெல்லாம் தெரியும்?”

“உங்க மகளுக்குத் தெரியும். வேற யாருக்கும் தெரியாது மாமா.”

“அப்ப முடிஞ்சுது. வண்டி ஓடுதுல்ல? விடு.”

“வேனக்காகிட்ட சொல்லணும். புள்ளைங்களோட அப்பாம்மாகிட்டயும் சொல்லணும். மச்சான்கிட்ட...”

“என்னத்தச் சொல்லுவ?” இப்போது கண் திறந்தது. “பெத்த புள்ளைய நான் நடுத்தெருவுல அறஞ்சேன். ஊரே பாத்துச்சு. இப்ப நீ போயி, அவன் மேல தப்பில்லன்னு சொல்லுவ. அப்ப நான் யாரு? கூறுகெட்டு புள்ளைய அடிச்ச கெழவனா?”

“அடிச்சது நீங்கதான் மாமா, ஆனா அது எனக்கு விழ வேண்டிய அடி.”

“வாங்கிக்கிறவன் வாங்கிட்டான். அவனே மறந்துட்டான்.”

“மறக்கல மாமா. பெல்ட்ட மூணு தரம் அழுத்திப் பாக்குறான்.”

 பதில் இல்லாத இடத்தில் கோபம் வந்து உட்கார்ந்தது. “ஒனக்கு மனசு லேசாகணும்னு எம் பட்டறைய ஊர் சிரிக்க வைக்கப் போறியா? போ. சொல்லு. ஆனா சொல்லிட்டு இந்த வாசலுக்குள்ள வராத.”

அவர் கெட்ட மனிதர் இல்லை. அதையும் சொல்லியாக வேண்டும். அவன் வெட்கம் வேறு, அவர் வெட்கம் வேறு. இரண்டு வெட்கமும் ஒரே கூரைக்குள் இருக்க முடியாமல் போயிற்று, அவ்வளவுதான்.

மாப்பிள்ளை நடுக் கதவைத் திறந்து பட்டறைக்குள் வந்தான். மைத்துனன் ஒரு காருக்கு அடியில் கிடந்தான். முழங்காலுக்குக் கீழே மட்டும் வெளியே தெரிந்தது. முகத்தைப் பார்த்துச் சொல்லத் தெம்பில்லாமல், அந்தக் கால்களுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, கால்களிடம் சொன்னான்.

“மச்சான், வேன் நின்னதுக்கு ஒன் பெல்ட்டு காரணமில்ல. நான்தான். அன்னைக்கி வயரக் கழட்டுனேன்ல, அதுல எல்லாம் தீஞ்சு போச்சு. எனக்கு அப்பவே தெரியும். ஒங்கப்பா ஒன்ன அறஞ்சப்பவும் தெரியும். நான் பேசாம நின்னேன்.”

ஆடிக்கொண்டிருந்த கால் கட்டைவிரல் நின்றது. அடியில் ஸ்பானர் உரசுகிற சத்தமும் நின்றது.  பிறகு உள்ளிருந்து குரல் வந்தது.

“மிதின்னு சொன்னீங்க, மிதிச்சேன். அத்தான் சொன்னா சரியாத்தான் இருக்கும்னு மிதிச்சேன்.”

இவன் தலை தானாகக் கவிழ்ந்தது.

வண்டிக்கு அடியிலிருந்து ஒரு கை வெளியே நீண்டது. கிரீஸ் படிந்த உள்ளங்கை. “அந்தச் சின்ன ஸ்பானர எடுத்துக் குடுங்க,” என்றது குரல். கொடுத்தான். கை ஸ்பானரை வாங்கிக்கொண்டு உள்ளே போயிற்று. ஆள் வெளியே வரவில்லை. மன்னித்தானா, இல்லையா, அன்றைக்கு யாருக்கும் தெரியாது. இன்றைக்கும் அவர்கள் இரண்டு பேருக்குத்தான் தெரியும். மற்றவர்கள் ஊகிக்க வேண்டாம்.

நடுக் கதவில் மனைவி வந்து நின்றாள். கையில் மாவு.

“சொல்லிட்டீங்களா?” என்றாள். அத்தனை நாளுக்கப்புறம் முதல் சொல்.

“பாதி சொல்லிட்டேன். வேனக்கா வீட்டுக்குப் போறேன். திரும்பி உள்ள வரக்கூடாதுன்னுட்டாரு.”

“வெளிய ஊரு பெருசு. எங்க தங்குறீங்கன்னு சொல்லி அனுப்புங்க, வந்துடறேன்,” என்றாள் அவள். “மொதல்ல போயி மிச்சத்தச் சொல்லுங்க.”

அவன் போனான். பையில்லை, பெட்டியில்லை. சட்டையில் எண்ணெய்க் கறையோடு, பட்டப்பகலில், எல்லோர் கண்ணிலும் படும்படிதான் படியிறங்கினான். ஓடுகிறவன் அப்படியா போவான்?

எதிரே டீக்கடையில் இருந்தவர்கள் அவனைப் பார்த்ததும் எழுந்தார்கள். “என்ன மாப்ள, வண்டி எதுவும் வந்திருக்கா? இன்னைக்காவது வயரக் கழட்டுவியா?”

நிற்காமல் நடந்தான். வேனக்காவிடம் முதல் வாக்கியத்தை எப்படித் தொடங்குவது என்று அவனுக்குத் தெரியவில்லை. ‘அக்கா’ என்று கூப்பிடுகிற யோக்கியதை இன்னும் இருக்கிறதா என்றும் தெரியவில்லை. வெயில் தலைக்கு நேரே இருந்தது. தலையைத் தூக்காமலேயே அந்தத் தெருவைக் கடந்து, அவள் வீடு இருக்கிற பக்கம் திரும்பினான்.